கிறிஸ்துமஸ் பீருக்குக் கிராம்பு எத்தனை?

பெரம்பூரிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். தம்பி டொராண்டோவில் இருக்கிறான், வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவன். போன கிறிஸ்துமஸுக்கு மசாலா போட்ட பீர் 20 லிட்டர் காய்ச்சினானாம். அம்மாவிடம் போனில் பிரியாணிக் கணக்குக் கேட்டு ஏலக்காய் 20, கிராம்பு 12, பட்டை நாலு துண்டு என்று போட்டிருக்கிறான். குடித்தவர்கள் எல்லாரும் நீலகிரித் தைலம் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். கடையில் வாங்கிய மசாலா சரியில்லை போலிருக்கிறது, இந்த வருஷம் ஊரிலிருந்து நல்லதாக அனுப்பு என்கிறான். என்ன அனுப்புவது? எவ்வளவு போடச் சொல்வது? அப்படியே பெரம்பூர் வீட்டில் நாமும் ஒரு சின்னப் பாத்திரத்தில் செய்து பார்க்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், சின்ன பதில்தான்: கூடாது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். விற்றால்தான் தப்பு, வீட்டோடு குடித்தால் பரவாயில்லை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பீர் காய்ச்ச அப்படி ஒரு விலக்கு கிடையாது. டிசம்பர் வந்தால் உங்கள் பெரம்பூரிலும் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் பீங்கான் ஜாடியில் திராட்சை வைன் ஊறுகிறதே, அது மட்டும் என்ன என்று கேட்பீர்கள். சட்டத்துக்குத் திராட்சையும் பார்லியும் ஒன்றுதான். ஊர் வழக்கம் வேறு, சட்டம் வேறு. கேட்டதால் சொல்கிறேன், யார் வீட்டு ஜாடியையும் திறந்து பார்க்க நான் வரவில்லை.

கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன பிறகு தண்டனையை இன்னும் கூட்டியிருக்கிறார்கள். அது மெத்தனால் கலந்த சாராயம். பார்லியைப் புளிக்கவைத்துச் செய்யும் பீரில் அந்த விஷம் உயிரை வாங்கும் அளவுக்குச் சேராது. ஆனால் சோதனைக்கு வந்து நிற்கிறவரிடம் இந்த ரசாயனப் பாடமெல்லாம் நடத்திக்கொண்டிருக்க முடியாது.

தம்பிக்கு அந்தக் கவலை இல்லை, கனடாவில் சொந்தத் தேவைக்குக் காய்ச்சலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேற்கு நார்வேயின் பழைய குலாத்திங் சட்டத்தில் விவசாயிகள் கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் பீர் காய்ச்சியாக வேண்டும். காய்ச்சாவிட்டால் அபராதம், மூன்று வருஷம் தொடர்ந்து காய்ச்சாவிட்டால் நிலபுலனே போய்விடும். அங்கே காய்ச்சாதவன் குற்றவாளி, இங்கே காய்ச்சுகிறவன்.

சரி, தைல விஷயத்துக்கு வருவோம். நான் பெங்களூரில் சொந்தமாகப் பீர் காய்ச்சி ஊற்றும் ஒரு பப்பில் ஆறு வருஷம் காய்ச்சும் வேலை பார்த்தவன். இப்போது கொளத்தூரில் இருக்கிறேன், காய்ச்சுவதில்லை. தம்பியின் கணக்கைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. மசாலாவில் ஒரு குறையும் இல்லை. ஏலக்காயின் வாசத்துக்கு முக்கியக் காரணமான பொருள்களில் ஒன்று சினியோல். நீலகிரித் தைலத்தில் பெரும்பங்கு இருப்பதும் அதே சினியோல்தான். இருபது ஏலக்காயைத் தட்டி 20 லிட்டர் பீரில் போட்டால் தைலம் மாதிரி இருக்காது, ஒரு வகையில் தைலமேதான். நண்பர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

'அதே ஏலக்காய் பிரியாணியில் தைலமாகத் தெரியவில்லையே' என்று உங்கள் அம்மா கேட்பார். நியாயமான கேள்வி. பிரியாணியில் நெய்யும் கறிக்கொழுப்பும் அந்த வாசத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மேலே வெங்காயம், இஞ்சி பூண்டு, தயிர், உப்பு, மிளகாய் என்று பத்துப் பேர் போட்டிக்கு நிற்கிறார்கள். பீரில் கொழுப்பு இல்லை, உப்பு இல்லை, காரம் இல்லை. ஆல்கஹால் மசாலாவின் எண்ணெயைத் தண்ணீரைவிட நன்றாக உருவி எடுக்கிறது. பிறகு நுரைத்து மேலே வரும் ஒவ்வொரு குமிழியும் அந்த வாசத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மூக்கருகே உடைகிறது. நம் கை மசாலா அளந்து பழகியது குழம்புக்கு. வெள்ளைக்காரன் தயங்கித் தயங்கி ஒரு சிட்டிகை போடுகிற இடத்தில் நாம் ஒரு பிடி போடுவோம். மசாலா பீரில் நம் ஆட்கள் தோற்பது பெரும்பாலும் இந்தக் கைப்பழக்கத்தால்தான். எண்ணிக்கையை விட்டுவிட்டு கிராமில் நிறுத்துப் போடச் சொல்லுங்கள். நகைக்கடைத் தராசு மாதிரி 0.1 கிராம் காட்டும் சின்ன எலெக்ட்ரானிக் தராசு இருந்தால் போதும்.

நானே இதில் அடிபட்டவன். டிசம்பருக்காக 500 லிட்டர் பிரவுன் ஏல், அதாவது பழுப்பு நிற பீர். கிராம்பு 6.0 கிராம் என்று வெள்ளைப் பலகையில் நானே எழுதியிருந்தேன். மறுநாள் காலையில் புள்ளி அழிந்துபோயிருந்தது. 60 கிராம் நிறுத்துத் தட்டிப் போட்டுவிட்டேன். போடும்போதே கை நிறைய இருந்தது, ஒரு சந்தேகமும் வந்தது. 500 லிட்டர் ஆயிற்றே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதல் கிளாஸ் ஊற்றிய அன்று ஒரு பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார். கன்னத்தில் விரலை வைத்துக் காட்டி, "தம்பி, பல்லைப் பிடுங்கின அன்னைக்கு இதே வாசம்" என்றார். கிராம்பின் வாசத்துக்குக் காரணமான யூஜினால் என்ற பொருள் பல் மருத்துவத்தில் காலங்காலமாக இருப்பது. மூக்கு அதை வேறு எதோடும் சேர்த்து வைக்காது. அந்த 500 லிட்டரையும் மசாலா இல்லாத பீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பிப்ரவரி வரை தீர்த்தோம். மசாலா கூடிப்போன பீருக்கு உருப்படியான வைத்தியம் அது ஒன்றுதான். தம்பியிடம் போன வருஷத்துப் பாட்டில் ஏதும் மிச்சம் இருந்தால் கொட்ட வேண்டாம். பிளம் கேக்குக்கு உலர்ந்த பழங்களை ஊறவைக்க ஏலக்காய் பீர் நன்றாகவே இருக்கும்.

அளவு இதோ. எல்லாம் 20 லிட்டருக்கு. சிலோன் பட்டை 4 கிராம். கொத்தமல்லி விதை 10 கிராம். ஆரஞ்சு இரண்டின் மேல்தோல், உள்ளே இருக்கும் வெள்ளைச் சதை இல்லாமல். தோல் சீவிய பச்சை இஞ்சி 15 கிராம். ஜாதிக்காய் 1 கிராம், அதாவது ஒரு காயில் கால்வாசிக்கும் கொஞ்சம் குறைவு. கிராம்பு இரண்டே இரண்டு. ஏலக்காயும் இரண்டு. அன்னாசிப்பூ போட்டே தீரவேண்டும் என்றால் பூவில் இரண்டு இதழ். இத்தனையையும் ஒன்றாகப் போடச் சொல்லவில்லை, இதில் நாலைந்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். என்னைக் கேட்டால் பட்டை, கொத்தமல்லி, ஆரஞ்சுத் தோல், இஞ்சி, ஒரு துளி ஜாதிக்காய். ஏலக்காயை இந்த வருஷம் முழுக்க விட்டுவிடச் சொல்வேன். சூடு கண்ட பூனை என்பதால்தான்.

பட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பலசரக்குக் கடையில் பட்டை என்று கேட்டால் மரப்பட்டை மாதிரி தடித்த, ஒடிக்கக் கை வலிக்கிற துண்டைத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். அது வேறு மரம், கேசியா. கறிக்குழம்புக்கு அதுதான் சரி. பீருக்கு அதன் காரமும் துவர்ப்பும் அதிகம். சிலோன் பட்டை காகிதம் போல மெல்லிய அடுக்குகளாக, சுருட்டு மாதிரி சுருண்டிருக்கும், விரலால் நசுக்கினாலே நொறுங்கும். கொஞ்சம் இனிப்பும் மரவாசமுமாக மென்மையாக இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் சுருள்பட்டை என்று கேளுங்கள். தம்பிக்கு நீங்கள் அனுப்பியே ஆகவேண்டிய பொருள் இதுதான்.

கொத்தமல்லி விதையைப் போடலாமா என்று முகம் சுளிக்க வேண்டாம். பெல்ஜியத்தின் வெள்ளைக் கோதுமை பீரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும்தான் அடையாளமே. அந்த விதையின் வாசத்துக்குக் காரணமான லினலூல், பீருக்குக் கசப்பைத் தரும் ஹாப்ஸ் பூவிலும் இருக்கிறது. ஆகவே இரண்டும் சண்டை போடாமல் சேர்ந்துபோகும். ஒரே ஒரு எச்சரிக்கை: வறுக்கக் கூடாது. நம் கை தானாக வாணலியைத் தேடிப் போகும். வறுத்த மல்லி போட்டால் பீர் சாம்பார்ப் பொடி டப்பாவைத் திறந்த மாதிரி இருக்கும். பச்சையாக உரலில் ஒன்றிரண்டாகத் தட்டினால் போதும். எதையுமே பொடியாக்கக் கூடாது. பொடி கலங்கலைக் கொடுக்கும், அடியில் வண்டலாகத் தங்கிப் பிறகும் துவர்ப்பை விட்டுக்கொண்டே இருக்கும்.

இஞ்சிக்குப் பதில் சுக்கு போட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள், உங்கள் வீட்டில் சுக்கு காபிப் பழக்கம் இருக்கும் பட்சத்தில். சுக்கில் உறைப்பு அதிகம், பச்சை இஞ்சியின் எலுமிச்சை வாசம் குறைவு. தொண்டையில் சூடு வேண்டுமென்றால் 3 கிராம் போதும். ஆரஞ்சுக்குப் பதிலாக நாரத்தங்காயின் மேல்தோலும் அருமையாக இருக்கும். உப்பில் போட்டது அல்ல, பச்சைக் காயில் சீவி நிழலில் காய வைத்தது. அதையும் பார்சலில் வையுங்கள், டொராண்டோவில் எவனும் அப்படி ஒரு பீர் குடித்திருக்க மாட்டான். பிரிஞ்சி இலை, கல்பாசி, மராட்டி மொக்கு எல்லாம் பிரியாணியோடு நிற்கட்டும்.

எப்போது போடுவது என்பது எவ்வளவு போடுவது என்பதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. ரசம் வைக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: நுரை கட்டியதும் இறக்க வேண்டும், தளதளவென்று கொதித்தால் வாசம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும், கசப்புதான் மிஞ்சும். பீர் காய்ச்சும்போது மால்ட் சாறு, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியின் சாறு, ஒரு மணி நேரம் கொதிக்கும். முதலிலேயே மசாலாவைப் போட்டால் அந்த ஒரு மணி நேரமும் மாடிப்படி முழுக்க கிறிஸ்துமஸ் வாசம் வரும், பீரில் வராது. கடைசி ஐந்து நிமிடத்தில், மெல்லிய துணியில் முடிந்து போட்டு, அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து எடுத்துவிட வேண்டும்.

இதைவிடப் பாதுகாப்பான வழி இன்னொன்று இருக்கிறது, தம்பிக்கு நான் சிபாரிசு செய்வது அதைத்தான். கொதியில் மசாலாவே போட வேண்டாம். 150 மில்லி வோட்காவில் மேலே சொன்ன மசாலாவைத் தட்டிப் போட்டுக் கண்ணாடிப் பாட்டிலில் மூடி ஐந்து நாள் வைக்க வேண்டும், தினம் ஒருமுறை குலுக்க வேண்டும். இஞ்சியும் ஆரஞ்சும் இரண்டாம் நாளே நிறத்தை இறக்கிவிடும், பட்டை மெதுவாகத்தான் வரும். பிறகு காபி வடிகட்டும் தாளில் வடித்துக்கொள்வது. பீர் புளித்து முடிந்து பாட்டிலில் ஊற்றப்போகிற நாளன்று நாலு கிளாஸை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் 100 மில்லி பீர் அளந்து ஊற்றட்டும். குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கிற ஊசியில்லாத சிரிஞ்சால் முதல் கிளாஸில் 0.1 மில்லி, அடுத்ததில் 0.2, பிறகு 0.3, 0.4. எந்தக் கிளாஸில் எது இருக்கிறது என்று தெரியாமல் இன்னொருவர் மாற்றி வைக்க வேண்டும். குடித்துப் பார்த்து மிகவும் பிடித்தது எது என்று சொன்ன பிறகு, அதற்கு ஒரு படி கீழே உள்ள அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் ஒரு வாய்க்குப் பிரமாதமாக இருப்பது ஒரு முழு கிளாஸ் முடிவதற்குள் திகட்டிவிடும். 0.3 பிடித்திருந்தால் 0.2. இருபது லிட்டர் என்பது 200 கிளாஸ், ஆகவே 40 மில்லி. மீதி சாறு அடுத்த வருஷத்துக்கு இருக்கட்டும்.

ருசி பார்க்கும்போது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் பார்க்கக் கூடாது. குளிரில் வாசம் அடங்கிக் கிடக்கும், கை தாராளமாகிவிடும். 12 டிகிரி வாக்கில் பார்ப்பதுதான் நியாயம்.

நல்ல மசாலா பீருக்கு என் அளவுகோல் ஒன்று உண்டு. குடிக்கிறவர் 'இதில் என்னமோ இருக்கிறது' என்று சொல்ல வேண்டும், 'இதில் கிராம்பு இருக்கிறது' என்று சொல்லக் கூடாது. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் நிறுவனம் 1975இல் தொடங்கி வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் ஏல் ஒன்றைச் செய்தது. ஒவ்வொரு வருஷமும் செய்முறையை மாற்றும், என்ன போட்டோம் என்று கடைசிவரை வாய் திறக்காது. குடிக்கிறவர்கள் உட்கார்ந்து விடுகதை மாதிரி ஊகித்துக்கொண்டிருப்பார்கள். 2023இல் அந்த ஆலையை மூடிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் பீர் என்றாலே மசாலா என்றும் கிடையாது. ஸ்டெல்லா ஆர்ட்வா 1926இல் லூவன் நகரத்தில் கிறிஸ்துமஸ் பீராகத்தான் பிறந்தது. ஸ்டெல்லா என்றால் லத்தீனில் நட்சத்திரம். அதில் பட்டையும் இல்லை, கிராம்பும் இல்லை.

அடுத்து ஈஸ்ட். தம்பி என்ன ஈஸ்ட் போட்டான் என்று கேட்டுச் சொல்லுங்கள், எனக்கு அதில் ஒரு சந்தேகம் இருக்கிறது. ஜெர்மன் கோதுமை பீர் ஈஸ்டும் பல பெல்ஜிய ஈஸ்டுகளும் தாங்களாகவே கிராம்பு வாசத்தை உண்டாக்கும். மால்ட்டில் உள்ள ஃபெருலிக் அமிலத்தை அவை அப்படி மாற்றிவிடும். அந்த ஈஸ்டைப் போட்டுவிட்டு மேலே 12 கிராம்பும் போட்டிருந்தால் தைலத்தோடு பல் ஆஸ்பத்திரியும் சேர்ந்திருக்கும். இந்த வருஷம் சாதாரண ஆங்கில ஏல் ஈஸ்ட் போதும்.

அடிப்படை பீர் பழுப்பாக, கொஞ்சம் கனமாக இருந்தால்தான் மசாலா உட்கார இடம் கிடைக்கும். வெளிர் நிற லாகர் பீரில் மசாலா போடுவது வெறும் சோற்றில் கரம் மசாலா தூவுகிற மாதிரி. பேல் மால்ட் 5 கிலோ, மியூனிக் மால்ட் 700 கிராம், கிரிஸ்டல் மால்ட் 300 கிராம், சாக்லெட் மால்ட் 80 கிராம். பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம், சாக்லெட் மால்ட் என்பது கறுக வறுத்த பார்லிதான். 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் முளைகட்டிய தானியத்தில் இருக்கும் நொதிகள் மாவைச் சர்க்கரையாக்கும். நம் வீட்டில் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சினால் நீர்த்து இனிக்கிறதே, அதே வேலைதான். கொதிக்கும்போது 400 கிராம் கருப்பட்டி. இது என் சொந்தச் சேர்க்கை. பெல்ஜியக்காரர்கள் காண்டி சர்க்கரை போடுகிற இடத்தில் நமக்குக் கருப்பட்டி, புகை வாசத்தோடு. ஹாப்ஸில் கை அடக்கம் வேண்டும்: 'ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ்' என்ற ஹாப்ஸ் வகை 45 கிராம், கொதி தொடங்கும்போது ஒரே தடவை. பட்டையும் தோலும் தங்கள் பங்குக்குத் துவர்ப்பைக் கொண்டுவரும். கடைசியில் வாசனைக்கென்று ஹாப்ஸ் போட்டால் மசாலாவோடு முட்டிக்கொள்ளும்.

சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் தொடக்கத்தில் 1.070 காட்ட வேண்டும், முடிவில் 1.017 வாக்கில் வந்து நிற்கும். ஆல்கஹால் ஏறக்குறைய 7 சதவிகிதம். புளிக்கும்போது 18 அல்லது 19 டிகிரியில் வைக்க வேண்டும், அக்டோபர் டொராண்டோவில் நிலவறைக்கு அது சிரமமில்லை. சென்னையில் டிசம்பர் ராத்திரியே 21, 22 டிகிரி. ஏல் ஈஸ்ட் அந்தச் சூட்டில் அவசரப்படும், பெயிண்ட் தின்னர் மாதிரி ஒரு நெடி வரும். சட்டம் விட்டாலும் நம் வெயில் விடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலில் அடைக்கும் முன் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் தொடர்ந்து அதே அளவு காட்டுகிறதா என்று பார்ப்பது கட்டாயம். இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அடைத்தால் பாட்டில் வெடிக்கும். வெடிக்கும் என்றால் மூடி பறப்பதைச் சொல்லவில்லை, கண்ணாடி சிதறுவதைச் சொல்கிறேன். குமிழிக்காக மொத்தத்துக்கும் 120 கிராம் சர்க்கரையைக் கரைத்துக் கொதிக்கவைத்து ஆற்றிச் சேர்த்தால் போதும். கொதிக்குப் பிறகு பீர் தொடும் எல்லாப் பாத்திரமும் குழாயும் கிருமி நீக்கியிருக்க வேண்டும். தம்பிக்கு அது தெரிந்திருக்கும். ஆயுத பூஜைக்குக் காய்ச்சினால் தீபாவளிக்குப் பாட்டில், கிறிஸ்துமஸுக்குக் கிளாஸ். டிசம்பர் முதல் வாரத்தில் காய்ச்சி 25ஆம் தேதி குடித்தால் மசாலா தனியாகவும் பீர் தனியாகவும்தான் நாக்கில் படும்.

பார்சலுக்கு: சிலோன் பட்டை 25 கிராம், கொத்தமல்லி 50 கிராம், ஜாதிக்காய் ஒன்று, காய்ந்த நாரத்தங்காய்த் தோல் ஒரு பிடி, கருப்பட்டி அரைக் கிலோ. கிராம்பு அனுப்ப வேண்டாம். கையில் இருந்தால் போடத் தோன்றும். மீதி எடைக்கு அம்மா சுட்ட கல்கல் போடுங்கள்.

இனி பெரம்பூர். பீர் கூடாது என்று சொல்லிவிட்டு அப்படியே போக மனமில்லை. ஸ்வீடனில் யூல்முஸ்ட் என்று ஒரு பானம் உண்டு. 1910இல் ராபர்ட்ஸ் என்ற அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து, பீர் குடிக்காதவர்களுக்குப் பீருக்குப் பதிலாகக் கொண்டுவந்தது. மால்ட், ஹாப்ஸ், மசாலா எல்லாம் சேரும், ஆல்கஹால் கிடையாது. டிசம்பரில் அங்கே கோகோ கோலாவையே விற்பனையில் பின்னுக்குத் தள்ளிவிடும். அதே யோசனையில் நம் அடுப்பில் செய்யக்கூடியது ஒன்றை நான் மூன்று வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

பார்லி அரிசி 60 கிராமை இரும்பு வாணலியில் சின்னத் தீயில் காபிக்கொட்டை நிறம் வரும்வரை வறுங்கள். கால் மணி நேரமாவது ஆகும், நடுவில் போன் பேசக் கூடாது. முதலில் பொரி வாசம் வரும், பிறகு ரொட்டி வாசம், அதற்கும் பிறகு லேசாகக் காபி வாசம். அந்தக் காபி வாசத்தில் இறக்கிவிட வேண்டும், தாண்டினால் கரி. ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டி, கருப்பட்டி 400 கிராம் போட்டுக் கரைத்து, மண் இருக்கும் என்பதால் துணியில் இன்னொரு முறை வடிகட்டுங்கள். மறுபடி ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு சிலோன் பட்டை அரை விரல் நீளம், கிராம்பு ஒன்று, ஏலக்காய் ஒன்று, தட்டிய கொத்தமல்லி ஒரு ஸ்பூன், நசுக்கிய இஞ்சி ஒரு சின்னத் துண்டு, கமலா ஆரஞ்சு ஒன்றின் தோல். மூடி வைத்துப் பத்தே நிமிடம், உடனே வடிகட்டிவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊறினால் நல்லதுதானே என்று விடாதீர்கள், கிராம்பு தன் வேலையைக் காட்டும். ஆறியதும் அரை மூடி எலுமிச்சை. ஹாப்ஸின் கசப்பு இல்லையே, கொஞ்சம் நிலவேம்பு போடலாமா என்று என் மைத்துனர் கேட்டார். போட்டும் பார்த்தார். டெங்கு காலத்துக் கஷாயம் ஞாபகம் வந்து யாரும் குடிக்கவில்லை. வறுத்த பார்லியின் கசப்பே போதும்.

கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஒரு பங்கு பாகு, மேலே மூன்று பங்கு ஜில்லென்ற சோடா, மெதுவாக. பழுப்பு நுரை கொஞ்சம் எழும், நிறம் அசல் பிரவுன் ஏல் மாதிரியே இருக்கும். இந்த அளவுக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் வரும், இருபது பேருக்கு ஆளுக்கொரு கிளாஸ். பாகைக் கண்டிப்பாக ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். வெளியே அலமாரியில் இறுக்கி மூடி வைத்தால் சென்னைச் சூட்டில் மூன்று நாலு நாளில் கருப்பட்டி தானாகவே புளிக்கத் தொடங்கும். முதல் வருஷம் எங்கள் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு மூடி பறந்து எக்ஸாஸ்ட் ஃபேனில் அடித்தது.